மூக்கிலிருந்து முழங்காலுக்கு: ஆய்வுகூடத்தில் வளரும் குருத்தெலும்பு யாருக்கு உதவும்?

முழங்கால் சவ்வை ஆய்வுகூடத்தில் வளர்த்துக் காலுக்குள் வைக்கிறார்களாமே, உண்மையா? கடந்த சில ஆண்டுகளாகப் பலர் என்னிடம் இதைக் கேட்கிறார்கள். நான் வைத்தியர் அல்ல. வன்னிப் பாடசாலைகளில் உயிரியல் படிப்பித்து ஓய்வு பெற்றவன். கிளினிக்கில் அரை நாள் காத்திருந்து இரண்டு நிமிடம் வைத்தியரைப் பார்ப்பவர்கள், அங்கே கேட்க முடியாமற்போனதைப் பழைய ஆசிரியரிடம் கேட்கிறார்கள். அவர்களில் அநேகர் செல் துண்டு முழங்காலுக்குள் போனவர்கள், இறுதி யுத்தத்தில் ஒரு காலை இழந்து மற்றக் காலின் பலத்தில் இத்தனை ஆண்டுகளாக நடப்பவர்கள், ஓடும்போது பதுங்குகுழிக்குள் விழுந்து மூட்டு நசிந்தவர்கள்.

உண்மைதான். மனிதக் குருத்தெலும்புக் கலங்களை வெளியே பெருக்கி முழங்காலுக்குள் திருப்பி வைப்பது 1987 முதல் நடக்கிறது. ஆனால் அது எந்த முழங்காலுக்குப் பொருந்தும், எதற்குப் பொருந்தாது என்று அறியாமல் காணியை ஈடுவைக்கப் புறப்படுகிறவர்களைக் கண்டதால்தான் இதைச் சற்று விரிவாக எழுதுகிறேன்.

ரயரும் ரியூப்பும்

நாங்கள் "சவ்வு" என்று சொல்வதில் இரண்டு பொருட்கள் கலந்து கிடக்கின்றன. தொடை என்புக்கும் கீழ்க்கால் என்புக்கும் இடையில் பிறை வடிவில் இரண்டு மெத்தைகள் உண்டு. அவை கிழிவது ஒரு விடயம். என்புகளின் முனைகளை மூடி, வழவழப்பாக ஒட்டியிருக்கும் வெள்ளைப் படை வேறு விடயம். இக்கட்டுரை அந்தப் படையைப் பற்றியது. எங்கள் பாடப்புத்தகம் அதைக் கசியிழையம் என்று சொல்லும். பொது வழக்கில் குருத்தெலும்பு. முழங்காலில் அதன் தடிப்பு பெரும்பாலான இடங்களில் 2 முதல் 4 மில்லிமீற்றர்தான்.

இவ்வளவு மெல்லிய படை ஓர் ஆளின் பாரத்தை எப்படித் தாங்குகிறது? வகுப்பில் இதை விளக்க நான் சைக்கிள் சக்கரத்தைக் காட்டுவேன். ரியூப்புக்குள் இருக்கும் காற்று வெளியே தள்ளுகிறது. ரயர் அதை இறுக்கிப் பிடிக்கிறது. இரண்டும் சேர்ந்தால்தான் ஆள் ஏறி ஓடலாம். குருத்தெலும்பில் காற்றின் இடத்தில் நீர் இருக்கிறது. அதன் நிறையில் 65 முதல் 80 வீதம் நீர்தான். அக்ரிக்கன் என்ற பெரிய மூலக்கூறு தனது மறை ஏற்றத்தால் நீரை இழுத்து வைத்து வீங்கப் பார்க்கும். இரண்டாம் வகைக் கொலாஜன் நார்களாலான வலை அந்த வீக்கத்தை அடக்கிப் பிடிக்கும். அந்த நார்கள் அடியில் என்புக்குச் செங்குத்தாக நின்று, மேலே வளைந்து, மேற்பரப்பில் படுக்கையாக ஓடுகின்றன. இந்த அடுக்கைத்தான் இன்றுவரை எந்த ஆய்வுகூடத்தாலும் முழுமையாகத் திருப்பிச் செய்ய முடியவில்லை.

இந்தப் படைக்குள் இரத்தக்குழாயும் இல்லை, நரம்பும் இல்லை. கலங்களும் மிகச் சில. நாங்கள் நடக்கும்போது பஞ்சைப் பிழிந்து விடுவதுபோல மூட்டுத் திரவம் உள்ளே போய் வருகிறது. கலங்களுக்குச் சாப்பாடு அதுதான். தோல் வெட்டுப்பட்டால் இரத்தம் வந்து உறைந்து, திருத்தும் கலங்கள் வந்து சேரும். இங்கே இரத்தமே வராது. நரம்பு இல்லாததால் தொடக்கத்தில் நோவும் தெரியாது. நோகத் தொடங்கும்போது பெரும்பாலும் கீழுள்ள என்பும் மூட்டின் உறையும் பாதிப்படையத் தொடங்கியிருக்கும்.

அழிந்த குருத்தெலும்பு மீண்டும் வருவதில்லை என்பதை 1743 இலேயே லண்டனில் வில்லியம் ஹன்ரர் என்ற உடற்கூற்று அறிஞர் றோயல் சொசைற்றிக்கு அளித்த கட்டுரையில் எழுதிவிட்டார். அதற்கு மிக விசித்திரமான சான்று 2016 இல் வந்தது. 1950களிலும் 60களின் தொடக்கத்திலும் வல்லரசுகள் வெட்டவெளியில் நடத்திய அணுகுண்டுச் சோதனைகள் வளிமண்டலத்தில் காபன் 14 இன் அளவை உயர்த்தின. அது மரங்களிலும் மனித உடல்களிலும் பதிந்தது. டென்மார்க் ஆய்வாளர்கள் முழங்கால் குருத்தெலும்பின் கொலாஜனில் அந்தக் காபனை அளந்தார்கள். வளரும் பருவத்தில் பின்னப்பட்ட வலை அதன்பிறகு ஏறத்தாழப் புதுப்பிக்கப்படவே இல்லை என்று தெரிந்தது. மூட்டுவாதம் வந்த முழங்காலிலும் அப்படித்தான். குண்டின் எச்சத்தை வைத்து முழங்காலின் வயதைக் கணித்திருக்கிறார்கள் என்று வாசித்தபோது எனக்குக் கொஞ்ச நேரம் வேறு எதுவும் ஓடவில்லை.

யுத்தம் மூட்டுக்குள் விட்டுப்போனது

செல் துண்டு குருத்தெலும்பை நேரடியாக வெட்டும். என்பு முறிந்த கோடு மூட்டுக்குள் ஓடினால், பொருத்தும்போது சிறு படியொன்று விழுந்தாலே பாரம் அந்த ஒரே இடத்தில் குவியத் தொடங்கும். வன்னியின் கடைசி மாதங்களில் பாடசாலை வகுப்பறைகளிலும் தறப்பாளின் கீழும் இயங்கிய வைத்தியசாலைகளில் உயிரைப் பிடித்து வைத்திருப்பதே பெரிய வேலை. மூட்டை மில்லிமீற்றர் கணக்கில் சேர்ப்பதற்கு அங்கே என்ன இருந்தது? வெளியே காயமே தெரியாமல் பலத்த அடி மட்டும் பட்ட மூட்டிலும் கலங்கள் இறக்கும். படை பல ஆண்டுகள் கழித்து மெல்ல உதிரும். 2009 இல் இருபது வயதில் காயப்பட்டவருக்கு இப்போது முழங்கால் கடகடவென்று சத்தம் போடுகிறதென்றால், அது வயதுக்கு முந்திய முதுமை இல்லை. அன்று பட்ட அடியின் தொடர்ச்சி.

இது எங்கள் மண்ணுக்கு மட்டும் உரியதன்று. ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் காயப்பட்டுச் சேவையிலிருந்து நீக்கப்பட்ட அமெரிக்கப் படையினரை ஆராய்ந்த இராணுவச் சத்திரசிகிச்சை நிபுணர்கள், அவர்களது இயலாமைக்கு முதன்மையான காரணம் காயத்தின் பின் வந்த மூட்டுவாதமே என்று 2012 இல் எழுதினார்கள். உலகின் மிகச் சிறந்த கள வைத்தியம் கிடைத்தவர்களின் நிலை அது.

ஒரு காலை இழந்தவர்களின் மற்றக் கால் இன்னொரு கதை. செயற்கைக்கால் எவ்வளவு நன்றாகப் பொருந்தினாலும், உடம்பு தன்னையறியாமல் நல்ல காலிலேயே கூடுதலாகச் சாயும். கால் இழந்த முன்னாள் அமெரிக்கப் படையினரிடம் நடத்திய ஆய்வுகளில், இரு கால்களும் உள்ளவர்களைவிட அவர்களின் எஞ்சிய முழங்காலில் நோவும் தேய்மானமும் கூடுதலாக இருப்பது தெரியவந்தது.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். தசைக்குள் கிடக்கும் துண்டை அப்படியே விடலாம் என்று வைத்தியர் சொல்வது வழக்கம். மூட்டுக்குள்ளேயே கிடப்பது வேறு. அது ஈயமாக இருந்தால் மூட்டுத் திரவம் அதை மெல்லக் கரைக்கும். குருத்தெலும்பும் கெடும், இரத்தத்திலும் ஈயம் ஏறலாம். மூட்டுக்குள் துண்டு இருப்பதாக எக்ஸ்ரேயில் தெரிந்தவர்கள் அதை ஒருமுறையேனும் என்பு சத்திரசிகிச்சை நிபுணரிடம் கேட்டுத் தெளிவது நல்லது.

கோதன்பேர்க்கில் தொடங்கியது

முதலில் செய்யப்பட்டது எளிய வேலை. 1980களில் அமெரிக்காவில் றிச்சர்ட் ஸ்ரெட்மன் என்ற சத்திரசிகிச்சை நிபுணர், குருத்தெலும்பு போன இடத்தில் என்பில் நுண்ணிய துளைகள் போட்டார். உள்ளிருந்து மச்சை இரத்தம் கசிந்து உறைந்து, அங்கே ஒரு படை வளரும். இன்றும் இது பரவலாகச் செய்யப்படுகிறது, செலவும் குறைவு. ஆனால் வளர்வது அசல் குருத்தெலும்பு இல்லை. தழும்பில் இருக்கும் முதலாம் வகைக் கொலாஜன் நிறைந்த நார்ப்படை. ரயருக்குப் பதிலாகச் சாக்கைச் சுற்றியதுபோல. சில ஆண்டுகள் ஓடும், பிறகு தேயும்.

சுவீடனின் கோதன்பேர்க்கில் மற்ஸ் பிறிற்பேர்க், லார்ஸ் பீற்றர்சன், அண்டர்ஸ் லிண்டால் ஆகியோர் வேறு வழி எடுத்தார்கள். நோயாளியின் முழங்காலிலேயே பாரம் குறைவான ஓரத்திலிருந்து சிறு துணுக்கை எடுத்தார்கள். அதிலிருந்த கலங்களைப் பிரித்து ஆய்வுகூடத்தில் இரண்டு மூன்று கிழமைகள் பெருக்கினார்கள். பிறகு மூட்டைத் திறந்து, பள்ளத்தின் மேல் என்புறைத் துண்டொன்றைத் தைத்து மூடி, அதன் கீழே கலங்களைச் செலுத்தினார்கள். முதல் 23 பேரின் முடிவுகள் 1994 இல் வெளிவந்தன. தொடை என்பின் முனையில் பள்ளம் இருந்த 16 பேரில் 14 பேருக்கு நல்ல பலன். முழங்கால் சில்லின் பின்புறத்தில் பாதிப்பு இருந்த 7 பேரில் இரண்டு பேருக்கு மட்டுமே. தோல்வியையும் சேர்த்து எழுதிய அந்தக் கட்டுரையிலிருந்துதான் இந்தத் துறை வளர்ந்தது. அமெரிக்கா 1997 இல் இம்முறைக்கு அனுமதி வழங்கியது. யப்பானில் ஹிரோஷிமா பல்கலைக்கழகத்தின் மிற்சுவோ ஒச்சி கலங்களைக் கொலாஜன் களியில் வளர்த்த முறை 2012 இல் அங்கீகாரம் பெற்றது.

இதில் ஒரு பெரிய சிக்கல் உண்டு. குருத்தெலும்புக் கலத்தைத் தட்டையான பிளாஸ்ரிக் தட்டில் வைத்துப் பெருக்கினால், அது தன் தொழிலை மறந்துவிடும். உருண்டையாக இருந்த கலம் நீண்டு தட்டையாகி, இரண்டாம் வகைக் கொலாஜனை விட்டுவிட்டு முதலாம் வகையைச் செய்யத் தொடங்கும். முப்பரிமாணக் களிக்குள் திருப்பி வைத்தால் பழைய தொழில் நினைவுக்கு வரும் என்று 1982 இல் கண்டுபிடித்தார்கள். சாரம் என்ற எண்ணம் இங்கேதான் வலுப்பெறுகிறது: கலம் தங்கி, சுற்றிலும் தன் வலையைப் பின்னுவதற்கு ஒரு தற்காலிகக் கூடு. 2016 இறுதியில் அமெரிக்கா அனுமதித்த மாசி என்ற முறையில் பன்றிக் கொலாஜன் சவ்வில் நோயாளியின் கலங்களை வளர்த்து, பள்ளத்தின் அளவுக்கு வெட்டி ஒட்டுகிறார்கள். முதுகில் மனிதக் காது முளைத்த எலியின் படத்தை 1990களில் பார்த்தவர்கள் நினைவில் வைத்திருப்பார்கள். அது மரபணு விளையாட்டு இல்லை. காது வடிவச் சாரத்தில் மாட்டின் குருத்தெலும்புக் கலங்களை இட்டு, எலியின் தோலுக்கடியில் வைத்தார்கள், அவ்வளவுதான்.

எனக்கு மிகவும் பிடித்த வேலை, எங்கள் சனம் நிறையப் பேர் வாழும் சுவிற்சர்லாந்தில், பாசல் பல்கலைக்கழக வைத்தியசாலையில் நடப்பது. அங்குள்ள குழு முழங்காலை விட்டுவிட்டு மூக்கின் நடுச்சுவரிலிருந்து கலங்களை எடுக்கிறது. முழங்காலைப் போல் பாரம் சுமக்காத, அடிபடாத கலங்கள் அவை. வயது போனாலும் நன்றாகப் பெருகுகின்றன. 6 மில்லிமீற்றர் துணுக்கு போதும். இரண்டு கிழமை கலங்களைப் பெருக்கி, இன்னும் இரண்டு கிழமை கொலாஜன் சவ்வில் வளர்த்தால், 30க்கு 40 மில்லிமீற்றர் அளவில் கையில் தூக்கக்கூடிய குருத்தெலும்புத் துண்டு கிடைக்கிறது. முதல் 10 பேரின் முடிவுகள் 2016 இல் வெளிவந்தன. மூக்கின் கலங்கள் முழங்காலுக்குள் போனபின் அந்த இடத்திற்கு ஏற்பத் தங்களை மாற்றிக்கொள்கின்றன என்பதையும் இக்குழு காட்டியது. பிறகு நான்கு நாடுகளில் நடத்திய பரீட்சை 2025 இல் வெளியானது. இரண்டு நாள் மட்டும் வளர்த்ததைவிட, இரண்டு கிழமை முதிரவிட்டு வைத்த துண்டு கூடுதல் பலன் தந்தது. கலத்தை மட்டும் வைத்தால் போதாது, அது பின்னிய வலையையும் சேர்த்து வைக்க வேண்டும் என்பதற்கு அது நல்ல சான்று.

யாருடைய முழங்கால்?

என்னிடம் படித்த ஒருவர், வலது காலை முழங்காலுக்குக் கீழே இழந்தவர், அண்மையில் வந்திருந்தார். இடது முழங்காலில் நோ.

"சேர், அண்ணா சுவிசில இருந்து காசு அனுப்புறன் எண்டு சொல்றார். சென்னையில ஊசி போட்டா சவ்வு திருப்பி வளருமாம். போகட்டோ?"

"எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தனீரோ?"

"இல்லை சேர். உடம்புக்குள்ள பீஸ் இருக்கெண்டு எடுக்கேல்லை."

இந்தச் சிறிய உரையாடலுக்குள் மூன்று விடயங்கள் கிடக்கின்றன.

முதலாவது, யாருக்குப் பொருந்தும் என்பது. பிரித்தானியாவின் அரச சுகாதார சேவை இச்சிகிச்சையை 2017 முதல் வழங்குகிறது. அதற்கான நிபந்தனைகளைப் பாருங்கள்: பள்ளம் 2 சதுர சென்ரிமீற்றருக்கு மேல் இருக்க வேண்டும், அதைத் திருத்த முன்னர் சத்திரசிகிச்சை செய்திருக்கக் கூடாது, முழங்காலில் மூட்டுவாதச் சேதம் மிகக் குறைவாக இருக்க வேண்டும். அதாவது மீதி நன்றாக இருக்கும் தெருவில் ஒரு குழியை நிரப்புவது போன்றது இது. தெரு முழுவதும் பெயர்ந்தபின் குழியை மட்டும் நிரப்பிப் பயனில்லை. கால் வளைந்திருந்தால், மூட்டுத் தசைநார் அறுந்திருந்தால், அதை முதலில் சரிசெய்யாமல் வைத்த துண்டு நிலைக்காது. அண்மையில் அடிபட்டு, ஓரிடத்தில் மட்டும் பள்ளம் விழுந்த இளைஞருக்கு இது நல்ல வழி. பதினைந்து ஆண்டுகளாகத் தேய்ந்த முழங்காலுக்கு இன்று பெரும்பாலும் இது வழியில்லை.

விலை இன்னொரு சுவர். பிரித்தானியாவில் 2018 இல் ஏற்கப்பட்ட ஸ்பெரொக்ஸ் என்ற முறையில், கலங்களின் பட்டியல் விலை மட்டும் அப்போது ஒருவருக்கு 10,000 பவுணாக இருந்தது. பிறகு பல கிழமைகள் ஊன்றுகோலில் நின்று அந்தக் காலில் முழுப்பாரமும் போடாமல் இருக்க வேண்டும். வைத்த இழையம் முதிர ஒரு வருடத்திற்கு மேல் செல்லும். மற்றக் கால் செயற்கைக்காலாக இருப்பவர் அந்தக் கிழமைகளை எப்படிக் கடப்பார் என்பதை யோசிக்காமல் யாரும் அவருக்கு இதைப் பரிந்துரைக்கக் கூடாது.

இரண்டாவது, ஊசி. சொந்தக் கலங்களை வளர்த்து வைக்கும் முறைக்கு இந்தியாவில் 2017 இல் ஒப்புதல் கிடைத்தது. முழங்கால் மூட்டுவாதத்திற்கான மூலக்கல ஊசிமருந்து ஒன்றும் 2022 இல் அங்கே அனுமதி பெற்றது. அனுமதி பெற்ற பொருளை அதற்குரிய நோயாளிக்குக் கொடுப்பது ஒன்று. இடுப்பென்பிலோ கொழுப்பிலோ உறிஞ்சியதை அன்றே முழங்காலில் ஏற்றிவிட்டு "வளரும்" என்று சொல்வது வேறொன்று. 2023 இல் அமெரிக்காவில் 475 பேரிடம் நடந்த பரீட்சையில் மச்சை ஊசி, கொழுப்பு ஊசி, தொப்புள்கொடிக் கலங்கள் மூன்றையும் சாதாரண ஸ்ரெரொயிட் ஊசியோடு ஒப்பிட்டார்கள். ஒரு வருடத்தில் எதுவும் ஸ்ரெரொயிட்டை விஞ்சவில்லை. பி.ஆர்.பி. எனப்படும் குருதிச் சிறுதட்டு ஊசியை அவுஸ்திரேலியாவில் 288 பேரிடம் உப்புநீர் ஊசியோடு ஒப்பிட்ட ஆய்வு 2021 இல் வெளிவந்தது. நோவிலும் குருத்தெலும்பின் அளவிலும் பொருட்படுத்தத்தக்க வித்தியாசம் இல்லை. வெளிநாட்டுப் பொதிகளில் தைலத்தோடும் சொக்லேற்றோடும் வரும் குளுக்கோசமின் போத்தல்களையும் இங்கே சொல்லலாம். 1,583 பேரிடம் நடந்த 2006 ஆம் ஆண்டின் பெரிய ஆய்வில், மொத்தமாகப் பார்த்தால் அது வெற்று மாத்திரையைவிட நன்றாக வேலை செய்யவில்லை.

ஊசி போடச் சொல்பவரிடம் கேளுங்கள்: இந்தப் பொருளுக்கு எந்த அரச அமைப்பு அனுமதி தந்தது, என் முழங்காலின் எந்தப் படத்தைப் பார்த்துச் சொல்கிறீர்கள், நோ குறையும் என்கிறீர்களா அல்லது குருத்தெலும்பு வளரும் என்கிறீர்களா, வளர்ந்ததை எப்படிக் காட்டுவீர்கள்? படமே பார்க்காமல் விலை சொன்னால் எழும்பி வந்துவிடலாம்.

மூன்றாவது, அந்த பீஸ். எம்.ஆர்.ஐ. இயந்திரம் பெரிய காந்தம். செல் துண்டுகளில் பெரும்பாலானவை இரும்பு சார்ந்தவை. காந்தத்தில் அசையலாம், சூடாகலாம். கண், மூளை, முள்ளந்தண்டு, பெரிய இரத்தக்குழாய்களுக்குப் பக்கத்தில் இருந்தால் ஆபத்து. பல ஆண்டுகளாகத் தசைக்குள் இறுகிக் கிடக்கும் துண்டோடு சிலருக்கு ஸ்கான் எடுக்க வைத்தியர்கள் அனுமதிப்பதும் உண்டு. எனவே மறைக்கவும் வேண்டாம், முடியாது என்று நீங்களே முடிவெடுக்கவும் வேண்டாம். முதலில் எக்ஸ்ரே எடுத்துத் துண்டுகள் எங்கே இருக்கின்றன என்று பார்த்து, கதிரியல் வைத்தியர் முடிவு செய்யட்டும். எம்.ஆர்.ஐ. இயலாதென்றால் சீ.ரி. ஸ்கான் உண்டு, மூட்டுக்குள் கமரா விட்டுப் பார்க்கும் முறையும் உண்டு.

அந்த மாணவருக்கு நான் சொன்னது இவ்வளவுதான். செயற்கைக்காலின் உயரமும் பொருத்தமும் இப்போதைய உடம்புக்குச் சரியா என்று, அதைச் செய்து தந்த நிலையத்தில் பார்க்கச் சொன்னேன். தொடைத் தசையை வலுவாக்கும் பயிற்சியை இயன்மருத்துவரிடம் பழகச் சொன்னேன். தடியை நோகும் முழங்காலுக்கு எதிர்க் கையில் பிடிக்க வேண்டும். பலர் நோகும் பக்கத்திலேயே பிடிக்கிறார்கள். உடம்பில் ஒரு கிலோ குறைந்தால், ஒவ்வொரு அடியிலும் முழங்காலில் விழும் பாரம் ஏறத்தாழ நாலு கிலோ குறைகிறது என்று அளந்திருக்கிறார்கள். இவற்றால் தாங்காத நிலை வந்தால் முழு மூட்டு மாற்றுச் சத்திரசிகிச்சை இருக்கிறது. பத்து வருடத்தில் கழன்றுவிடும் என்ற பயம் பழையது. 2019 இல் வெளியான பெரிய தொகுப்பாய்வின்படி, முழு முழங்கால் மாற்றுகளில் 82 வீதமானவை 25 ஆண்டுகள் நிலைக்கின்றன.

தேய்ந்த மூட்டுக்கே ஆய்வுகூடக் குருத்தெலும்பு உதவுமா என்பதைப் பாசல் குழு தொட்டுப் பார்க்கத் தொடங்கிவிட்டது. அரை மூட்டு மாற்றுக்குக் காத்திருந்த மூட்டுவாத நோயாளிகளுக்கு மூக்குக் கலங்களில் வளர்த்த துண்டை வைத்தார்கள். நோ குறைந்தது, உலோக மூட்டைத் தள்ளிப்போட முடிந்தது என்று 2021 இல் எழுதினார்கள். நோயாளிகள் இரண்டு பேர். அவர்களுள் ஒருவருக்குக் காலின் வளைவையும் சத்திரசிகிச்சையால் திருத்தியிருந்தார்கள்.